சால்டீன், ரிட்ஸ், ஆய்ஸ்டர்: கொறிக்க எது, சூப்புக்கு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கடைகளில் கிராக்கர் என்கிற மெல்லிய, மொறுமொறுப்பான உப்பு பிஸ்கட்டுக்கென்றே ஒரு வரிசை இருக்கும். அதில் பாதி டப்பா சீஸ் தூவியது, பூண்டு போட்டது, தேன் தடவியது. இங்கே பேசப்போவது அதெல்லாம் இல்லாத, மாவும் எண்ணெயும் உப்பும் மட்டும் தெரிகிற சாதா கிராக்கர்களைப் பற்றி மட்டும்தான். புதிதாக வந்து குடியேறியவர்களும், பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் வந்திருக்கும் அப்பா அம்மாக்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

சால்டீனும் ரிட்ஸும் ஒன்றுதானா? ரெண்டும் உப்பு பிஸ்கட்தானே?

இல்லை. செய்கிற விதமே வேறு. சால்டீன் என்பது சதுரமாக, வெளுப்பாக, மேலே உப்புக்கல் தூவி, ஓரத்தில் பிய்த்தெடுத்த மாதிரி இருக்குமே, அது. அதன் மாவை ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். மாவில் பெரும்பகுதியைத் தண்ணீரும் ஈஸ்டும் சேர்த்துப் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் விட்டுவிடுவார்கள். அப்புறம் மீதி மாவு, எண்ணெய், உப்பு, சமையல் சோடா எல்லாம் சேர்த்துப் பிசைந்து இன்னும் சில மணி நேரம் வைப்பார்கள். இட்லி மாவு மாதிரிதான்: பொங்கி, லேசாகப் புளித்து வந்தால்தான் ருசி. வந்த புளிப்பைச் சோடா அடக்கிவிடும், ஆனால் அந்த மணம் மட்டும் தங்கும். மாவை மடித்து மடித்துத் தேய்த்து, நல்ல சூட்டில் மூன்று நிமிடம் போல வாட்டி எடுக்கிறார்கள். அதனால்தான் கடித்தால் ஏடு ஏடாக உடைகிறது.

ரிட்ஸ் அப்படி இல்லை. ஈஸ்ட் கிடையாது, புளிப்பும் கிடையாது. சோடா வகையறாவை வைத்தே உப்ப வைத்து, வாட்டிய பிறகு மேலே எண்ணெயும் தெளிக்கிறார்கள், கொஞ்சம் சர்க்கரையும் சேரும். கணக்குப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஐந்து சால்டீனில் கொழுப்பு ஒன்றரை கிராம் போல. ஐந்து ரிட்ஸில் நான்கு கிராமுக்கு மேல். எடை ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, 15, 16 கிராம். ரிட்ஸ் வாயில் கரைவதும், சால்டீன் வாயை உலர்த்துவதும் இந்த எண்ணெய்க் கணக்கால்தான். தண்ணீர் குடிக்காமல் ஒரு நிமிடத்தில் ஆறு சால்டீன் தின்று காட்டு என்று இங்கே பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். பெரும்பாலானவர்களால் முடியாது, எச்சிலை அப்படியே உறிஞ்சிவிடும். அந்த உறிஞ்சும் குணம்தான் சூப்பில் அதற்கு வேலை கொடுக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

சரி, சால்டீனில் எந்த பிராண்டு? பிரீமியமா, ஜெஸ்டாவா, கிரிஸ்பியா?

மூன்றும் நல்லதுதான். வித்தியாசம் உண்டு, ஆனால் டப்பாவைப் பார்த்து நினைக்கிற அளவுக்கு இல்லை.

பிரீமியம் நபிஸ்கோ கம்பெனியுடையது. மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் ஊரில் 1876இல் ஒரு பேக்கரி தொடங்கிய சரக்கு. 1898இல் பல பேக்கரிகள் சேர்ந்து நேஷனல் பிஸ்கட் கம்பெனி ஆனபோது இதுவும் அதற்குள் போனது. அதுவரை கிராக்கரைப் பீப்பாயில் கொட்டி வைத்து அள்ளி விற்றார்கள், ஈரம் பட்டு நமத்துப்போகும். உள்ளே மெழுகுத்தாள் வைத்து அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கும் பழக்கத்தை நாடு முழுக்கப் பரப்பியது இந்தக் கம்பெனிதான். பிரீமியம் கொஞ்சம் அழுத்தமாக வாட்டியிருக்கும். ஓரம் பழுப்பு, நடுவில் கொப்புளம், கடித்தால் சத்தம் கேட்கும். மேலே உப்பு சமமாக இருக்கும்.

ஜெஸ்டா என் நாக்குக்கு ஒரு படி மென்மை. நிறமும் வெளுப்பு. வாயில் சீக்கிரம் மாவாகும், அதனால் சும்மா சாப்பிடும்போது பிரீமியத்தைவிட எளிதாக உள்ளே போகும், சூப்பில் போட்டால் பிரீமியத்தைவிடச் சீக்கிரம் கரையும். முன்பு இது கீப்ளர் பெயரில் வந்தது. 2019இல் கெலாக் கம்பெனி கீப்ளர் குக்கீ வியாபாரத்தை ஃபெரெரோவுக்கு விற்றது, ஆனால் ஜெஸ்டா, கிளப், டவுன் ஹவுஸ் கிராக்கர்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. “கீப்ளர் ஜெஸ்டா எங்கே, காணோமே?” என்று தேடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சரக்கு அதேதான், கீப்ளர் பெயரைத்தான் எடுத்துவிட்டார்கள்.

கிரிஸ்பி, சன்ஷைன் என்ற பெயரில் வருவது, எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைத்தால் வாங்குங்கள். மூன்றில் இதுதான் உப்புத் தூக்கல் என்பது என் கருத்து, தனியாகக் கொறிக்க நன்றாக இருக்கும்.

கனடாவில் இருப்பவர்களுக்கு: அங்கே பிரீமியம் பிளஸ் என்று கிறிஸ்டி பெயரில் வரும். அதுதான் அங்கத்திய சாதா சால்டீன், தயங்காமல் வாங்கலாம்.

கடைக்காரர் பிராண்டு வாங்கினால் ருசி குறையுமா?

பெரும்பாலும் குறையாது. ஆல்டியின் சேவரிட்ஸ், வால்மார்ட்டின் கிரேட் வேல்யூ, குரோகர் பெயரில் வருவது எல்லாமே அதே மாவு, அதே எண்ணெய், அதே ஈஸ்ட்தான். நான் பார்க்கிற குறை ஒன்றுதான். சில டப்பாக்களில் வாட்டல் சீராக இருக்காது. ஒரு உறை முழுக்க வெளுப்பாக, அடுத்த உறையில் ஓரம் கருகி வரும். உடைந்த துண்டும் கொஞ்சம் கூட இருக்கும். சூப்பில் நொறுக்கிப் போடப் போகிறீர்கள் என்றால் உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன? விலை குறைந்ததை எடுங்கள். விருந்தாளிக்கு அடுக்கி வைக்கப் போகிறீர்கள் என்றால் பிரீமியம் வாங்குங்கள்.

பிராண்டைவிட முக்கியம் தேதி. புதிதாக வந்த கடை பிராண்டு, அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பெயர்பெற்ற பிராண்டைவிட எப்போதும் நன்றாக இருக்கும். எண்ணெய் சேர்ந்த பண்டம் எதுவாக இருந்தாலும் நாளானால் காறல் வாடை வரும். டப்பாவைத் திறந்ததும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை அடித்தால் நமத்திருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்க வேண்டாம், கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சூப்புக்கு எது நல்லது? நேரடியாகச் சொல்லுங்கள்.

எந்த சூப் என்று சொன்னால்தான் நேராகச் சொல்ல முடியும்.

தக்காளி சூப், கிரீம் சூப் மாதிரி கெட்டியானதற்கு சால்டீன். முழுசாகப் போடாதீர்கள், கையில் ரெண்டாக உடைத்து மேலே போட்டு உடனே சாப்பிட வேண்டும். கெட்டி சூப்பில் பாதி மூழ்கி, பாதி மேலே நிற்கும். கீழ்ப்பக்கம் ஊறி மேல்ப்பக்கம் மொறுமொறுவென்று இருக்கும் அந்தச் சில விநாடிகள்தான் அதன் உச்சம். மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் கிண்ணத்தில் மிஞ்சுவது கூழ்.

சிக்கன் நூடுல்ஸ் சூப் மாதிரி தண்ணியாக இருப்பதற்கு சால்டீனைப் போடுவதைவிடத் தொட்டுச் சாப்பிடுவது மேல். ஒரு வாய் சூப், ஒரு கடி கிராக்கர். தண்ணி சூப்பில் போட்டால் அரை நிமிடம்கூடத் தாங்காது.

நியூ இங்கிலாந்துப் பக்கத்து கிளாம் சவுடர் (மட்டி போட்ட கெட்டி சூப்), சின்சினாட்டி சில்லி (மசாலா போட்ட கொத்துக்கறிக் குழம்பு) மாதிரி ஒன்றுக்கு ஆய்ஸ்டர் கிராக்கர்தான். சின்னதாக, அறுகோணமாகவோ வட்டமாகவோ, உள்ளே பொள்ளலாக உப்பி இருக்கும். ஓடு தடிமன், உள்ளே காற்று, அதனால் மிதக்கும். மிதக்கிறதால் சால்டீனைவிட நேரம் பிடித்துத்தான் ஊறும். ஒரு கரண்டியில் சூப்போடு ரெண்டு மூன்று ஏறிவிடும், உடைக்கிற வேலையே இல்லை. குழந்தைகளுக்கும் கை நடுங்குகிற பெரியவர்களுக்கும் இது எவ்வளவு வசதி என்று வீட்டில் பார்த்தால்தான் தெரியும். நபிஸ்கோவே பிரீமியம் பெயரில் ஆய்ஸ்டர் கிராக்கர் போடுகிறது, எங்கும் கிடைக்கும். ஆனால் நல்லது வேண்டும் என்றால் வெஸ்ட்மின்ஸ்டர் தேடுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்து வெஸ்ட்மின்ஸ்டர் ஊரில் 1828இல் தொடங்கிய பெயர். ஓடு கெட்டி, உப்பு அடக்கம், மாவு ருசி தெரியும். கிழக்குக் கரையில் சூப் விற்கிற கடைகளில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கொடுப்பது பல இடங்களில் இதுதான்.

ரிட்ஸ், அதே மாதிரி எண்ணெய்ப்பசையுள்ள கிளப், டவுன் ஹவுஸ் மூன்றையும் சூப்பில் போட வேண்டாம். எண்ணெய் பிரிந்து மேலே படலமாக மிதக்கும், இனிப்பும் சூப்பில் இறங்கும். பக்கத்தில் வைத்துக் கடித்துக்கொள்ளலாம், அது வேறு.

ஆய்ஸ்டர் கிராக்கரில் சிப்பி இருக்கிறதா? நாங்கள் சைவம்.

இல்லை. சிப்பி சூப்போடு சேர்த்துச் சாப்பிட்ட வழக்கம்தான் உண்டு. உள்ளே இருப்பது மாவு, எண்ணெய், உப்பு, ஈஸ்ட், சோடா.

ரசத்தில் போடலாமா?

தாராளமாக. இதை ஒரு குறும்பு என்று நினைக்க வேண்டாம், நிஜமாகவே நன்றாக இருக்கும். ஆனால் தெளிந்த ரசத்துக்கு ஆய்ஸ்டர் கிராக்கர் மட்டும்தான் சரி. மிளகு ரசத்தைச் சூடாக டம்ளரில் ஊற்றி, மேலே ஒரு கைப்பிடி போட்டுக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுங்கள். புளிப்பும் காரமும் ஓட்டுக்குள் ஏறி, நடுவில் கடிபடும்போது மொறுமொறுப்பு மீதம் இருக்கும். ரசத்தில் உப்பை ஒரு சிட்டிகை குறைத்துக்கொள்ளுங்கள், கிராக்கரில் இருப்பது இறங்கும். பருப்புப் போட்ட தக்காளி ரசம் என்றால் சால்டீனும் தாங்கும், ஏனென்றால் அது கெட்டி. ஆட்டுக்கால் சூப்புக்கும் இதே கதை. அதன் பசைக்கும் மிளகுக் காரத்துக்கும், மேலே உப்புத் தூவாத சால்டீன் அருமையாகப் பொருந்தும்.

சாம்பாரில் வேண்டாம். முயற்சி செய்கிறவர்கள் செய்யட்டும், எனக்குப் பிடிக்கவில்லை.

டீயில் தொட்டுச் சாப்பிட எது?

சால்டீன் டீக்குச் சரிப்படாது. மெல்லியது, தொட்டு எடுப்பதற்குள் பாதி டம்ளருக்குள் விழுந்துவிடும், மேலே இருக்கிற உப்புக்கல் வேறு டீயில் கரையும். டீக்கு கிரீம் கிராக்கர்தான் வேண்டும். இலங்கைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மலிபன், மஞ்சி ரெண்டும் டொரான்டோவிலும் நியூ ஜெர்சியிலும் நம் ஆட்கள் நடத்தும் கடைகளில் கிடைக்கும். மலிபன் 1954இல் தொடங்கியது, மஞ்சி போடுகிற சிலோன் பிஸ்கட்ஸ் 1968இல். எது மேல் என்ற சண்டையில் நான் இறங்கவில்லை, சின்ன வயதில் வீட்டில் எது இருந்ததோ அதுதான் அவரவருக்கு மேல். என் கணிப்பில் மஞ்சி கொஞ்சம் உப்பு, மொறுமொறுப்பு. மலிபன் கொஞ்சம் மென்மை. ரெண்டுமே சால்டீனைவிடப் பெரிசு, தடிமன், மேலே உப்புத் தூவல் கிடையாது. பட்டரும் ஜாமும் தடவவோ, சீனிச் சம்பல் (வெங்காயத்தை இனிப்பும் காரமுமாக எண்ணெயில் வதக்கியது) வைத்துச் சாப்பிடவோ அமெரிக்க கிராக்கர் எதுவும் இதற்குக் கிட்டே வராது. சம்பலின் எண்ணெய் ஊறினாலும் உடையாமல் நிற்கும்.

கிரீம் கிராக்கர் முதலில் வந்தது 1885இல், டப்ளினில், ஜேக்கப்ஸ் கம்பெனியிலிருந்து. அது இன்னும் கிடைக்கிறது, பிரிட்டிஷ் சாமான் விற்கும் கடைகளில் பாருங்கள்.

மோனாகோ மாதிரி இங்கே எது கிடைக்கும்?

அச்சு அசல் எதுவும் இல்லை. மோனாகோவில் எண்ணெய் அதிகம், லேசாக இனிப்பு, மேலே உப்பு. அந்த வகையில் ரிட்ஸ்தான் பக்கம், ஆனால் ரிட்ஸ் மோனாகோவைவிடப் பொரபொரப்பு, வெண்ணெய் வாசனையும் கூட. மோனாகோவே இந்தியக் கடைகளில் கிடைக்கிறதே, அதை வாங்கிவிடுங்கள். மோனாகோ சாட் செய்ய ரிட்ஸை எடுத்தால், தக்காளி வெங்காயம் வைத்த உடனே பரிமாறிவிடுங்கள், கொஞ்சம் தாமதித்தாலும் தளர்ந்துபோகும்.

மேலே ஏதாவது வைத்துச் சாப்பிட எது நல்லது?

வைக்கிற பொருளில் ருசி அதிகம் என்றால் கிராக்கர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கார்ஸ் என்று இங்கிலாந்தின் கார்லைல் ஊரிலிருந்து வந்த ஒரு வாட்டர் கிராக்கர் உண்டு, மெல்லிய வட்டம், உப்பும் எண்ணெயும் மிகக் குறைவு. நல்ல சீஸ் வாங்கியிருந்தால் அதோடு இது. ஆவக்காய், தொக்கு, பூண்டு ஊறுகாய் மாதிரி உப்பும் காரமும் தூக்கலான எதற்கும் இதுவோ மேல் உப்பு இல்லாத சால்டீனோதான் சரி. சாதா சால்டீன் மேல் ஊறுகாய் வைத்தால் உப்பு மேல் உப்பு.

வேர்க்கடலை பட்டர், வெண்ணெய், முட்டை பொடிமாஸ் இதெல்லாம் என்றால் சாதா சால்டீன். வெண்ணெயை ஏடு மாதிரி சீவி வைத்து, மேலே கொஞ்சம் மிளகு பொடி போட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். டிரிஸ்கட் என்று பின்னின பாய் மாதிரி ஒன்று இருக்கும். முழுக் கோதுமை, எண்ணெய், உப்பு, அவ்வளவுதான் உள்ளே. கனமான பொருள் வைக்க அதைப்போல் உறுதியானது வேறு கிடையாது. ஆனால் சூப்புக்கு ஆகாது, ஊறினால் வைக்கோல் தின்பது போலிருக்கும்.

உள்ளே பன்றிக் கொழுப்பு, முட்டை, பால் ஏதாவது இருக்குமா?

இது வீட்டில் பெரியவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி. முன்காலத்தில் கிராக்கர் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது சகஜம். இன்று பெரிய பிராண்டுகளின் சால்டீனில் தாவர எண்ணெய்தான். ஆனாலும் ஒவ்வொரு டப்பாவிலும் உள்பொருள் பட்டியலைப் படியுங்கள், கம்பெனிகள் சொல்லாமல் மாற்றுவார்கள். மாட்டுக்கொழுப்போ பன்றிக்கொழுப்போ இருந்தால் பட்டியலில் எழுதியே ஆக வேண்டும்.

பால், முட்டை, கோதுமை, சோயா போன்ற ஒவ்வாமைப் பொருள்களைத் தனியே குறிப்பிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் அதில் சேர்ந்தது. இன்னொரு சுருக்கு வழி: டப்பாவில் வட்டத்துக்குள் யு என்ற ஆங்கில எழுத்து இருந்தால் யூத முறைப்படி சான்று பெற்றது, பன்றிக் கொழுப்பு இருக்க வாய்ப்பே இல்லை. பக்கத்தில் டி எழுத்து இருந்தால் பால் கலந்தது அல்லது பால் பண்டம் செய்யும் இயந்திரத்தில் செய்தது. முட்டை இல்லை என்பதற்கு இந்த முத்திரை உறுதி தராது, அதற்குப் பட்டியல்தான்.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம். எவ்வளவு சாப்பிடலாம்?

எவ்வளவு என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஆனால் கணக்கு என்னவென்று நான் சொல்கிறேன். சாதா சால்டீன் ஐந்துக்கு சோடியம் சுமார் 130இலிருந்து 150 மில்லிகிராம் வரை வரும். கேட்கக் கொஞ்சம்தான். ஆனால் யாரும் ஐந்தோடு நிறுத்துவதில்லை. ஒரு பவுண்டு டப்பாவில் நான்கு நீள உறை இருக்கும், உறைக்கு முப்பத்தெட்டு, நாற்பது கிராக்கர். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே ஒரு உறையை முடித்தால் 1000 மில்லிகிராம் உள்ளே போய்விட்டது. ஒரு நாளைக்கு மொத்தமே 2300க்குள் இருக்க வேண்டும் என்பது இங்கே அரசு சொல்லும் அளவு. ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு இன்னும் குறைவாகவே சொல்வார்கள்.

இதைவிடப் பெரிய வில்லன் சூப்தான். டின்னில் கெட்டியாக வந்து தண்ணீர் சேர்த்துச் சூடாக்கும் சிக்கன் நூடுல்ஸ் சூப்பில், தண்ணீர் சேர்க்கும் முன் அரை கப் அளவுக்கே 900 மில்லிகிராம் வரை இருப்பவை உண்டு, யாரும் அரை கப்போடு எழுந்திருப்பதில்லை. டின் சூப் என்றால் கண்டிப்பாக மேல் உப்பு தூவாத சால்டீன் வாங்குங்கள், உப்பு சூப்பிலிருந்தே வரும், ருசியில் எதுவும் குறையாது. ஒன்று மட்டும் கவனம்: மேலே உப்பு இல்லை என்றால் உள்ளே சோடியமே இல்லை என்று அர்த்தம் இல்லை. மாவில் உப்பு இருக்கிறது, சமையல் சோடாவிலும் சோடியம் இருக்கிறது. நாக்குக்குத் தெரியாது, பட்டியலில் தெரியும்.

சர்க்கரை நோய்க்காரர்கள்?

சால்டீன் மைதாதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. இனிக்கவில்லை என்பதால் சர்க்கரை ஏறாது என்று நினைக்கிறவர்கள் நம் வீடுகளில் நிறைய. ஐந்து சால்டீனில் மாவுச்சத்து பதினொன்று, பன்னிரண்டு கிராம். வெறுமனே தின்னாமல் வேர்க்கடலை பட்டரோ முட்டையோ பருப்பு சூப்போ சேர்த்துச் சாப்பிட்டால் ஏற்றம் கொஞ்சம் மெதுவாகும். எண்ணித் தட்டில் வைத்துக்கொண்டு, டப்பாவை உள்ளே வைத்துவிடுங்கள்.

மசக்கைக்கு சால்டீன் நல்லது என்கிறார்களே?

ஆமாம், இங்கே மகப்பேறு மருத்துவர்களே சொல்வார்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். காலையில் எழுந்திருப்பதற்கு முன்பே படுக்கையில் இருந்தபடி ரெண்டு மூன்று சால்டீனை மெதுவாகத் தின்றுவிட்டுக் கொஞ்சம் நேரம் கழித்து எழுந்தால் பலருக்கு அடங்குகிறது. வாசனை குறைவு, எண்ணெயும் குறைவு, வயிற்றில் ஏதோ இருக்கிறது என்ற நிலை மட்டும் வரும். இதற்கு பிராண்டு பார்க்க வேண்டாம், ஆனால் ரிட்ஸ் வேண்டாம், அதன் வெண்ணெய் வாசனையே சிலருக்குப் புரட்டும். வாந்தி நிற்கவே இல்லை, தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் கிராக்கரோடு காத்திருக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கோதுமை ஒத்துக்கொள்ளாது. வேறு என்ன?

அரிசி மாவு, விதைகள் கொண்டு செய்தவை இருக்கின்றன, கிரஞ்ச்மாஸ்டர், மேரிஸ் கான் கிராக்கர்ஸ் மாதிரி. கொறிக்க நன்றாக இருக்கும். சூப்பில் போட வேண்டாம், பசையாகப் பல்லில் ஒட்டும். சூப்புக்கு நம் அரிசி அப்பளத்தைச் சுட்டு நொறுக்கிப் போடுவதே மேல். டப்பாவில் குளூட்டன் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் அரிசி என்று எழுதியிருப்பது போதாது.

சால்டீனில் அந்த ஓட்டைகள் எதற்கு?

ஆவி போக. ஓட்டை இல்லாவிட்டால் மொத்த கிராக்கரும் பூரி போல உப்பிவிடும். ஆவி வெளியே போவதோடு, ஏடுகளை அந்தந்த இடத்தில் சேர்த்துப் பிடிப்பதும் அந்த ஓட்டைகள்தான். அதனால்தான் ஓட்டைக்கு ஓட்டை நடுவில் மட்டும் சின்னக் கொப்புளம் எழும்புகிறது.

நமத்துப்போய்விட்டது. தூக்கிப் போடவா?

வேண்டாம். தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, 300 ஃபாரன்ஹீட்டில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். எடுத்த உடனே தொட்டால் இன்னும் மெத்தென்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆறின பிறகுதான் மொறுமொறுப்பு திரும்பும். முழுசாக ஆறுவதற்கு முன் டப்பாவில் போட்டு மூடினால் அந்த ஆவியிலேயே மறுபடி நமத்துவிடும். மைக்ரோவேவ் இதற்கு ஆகாது. காறல் வாடை வந்ததை எந்த அடுப்பும் திருப்பிக் கொடுக்காது, அதை மட்டும் எறிந்துவிடுங்கள்.

வைக்கும்போதே கவனமாக இருந்தால் இந்த வேலை இல்லை. உறையைத் திருகி மடித்து வைப்பது ஃப்ளோரிடா, டெக்சாஸ் கரையோர ஊர்களின் கோடைக்குப் போதாது. திறந்த உறையைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜும் வேண்டாம்.

காரமாக ஏதாவது செய்ய முடியுமா?

அலபாமாப் பக்கம் ஃபயர் கிராக்கர் என்று ஒன்று செய்வார்கள், சால்டீனில் எண்ணெயும் மிளகாயும் ஊறவைத்து. அதை நம் வீட்டு மசாலாவில் செய்தால் இன்னும் பிரமாதம். ஒரு உறை சால்டீனுக்குக் கால் கப் எண்ணெய். எண்ணெயில் மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, பூண்டுத்தூள் அரைத் தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிட்டிகை, வறுத்துப் பொடித்த கறிவேப்பிலை கொஞ்சம். உப்பு போடவே போடாதீர்கள். எல்லாவற்றையும் கலக்கி, கிராக்கரை ஜிப் பையில் போட்டு ஊற்றி, உடையாமல் மெதுவாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். ராத்திரி முழுக்க ஊறட்டும். மறுநாள் 250 ஃபாரன்ஹீட்டில் பதினைந்து நிமிடம் வாட்டி ஆறவைத்தால் ஆயிற்று. இதற்குப் பிரீமியம் வாங்குங்கள். மென்மையான பிராண்டு பைக்குள்ளேயே பாதி உடைந்துவிடும்.

டப்பா அடியில் தங்கும் தூளை என்ன செய்வது?

கட்லெட்டுக்கு. ரஸ்க் தூளுக்குப் பதில் சால்டீன் தூளில் புரட்டிப் பொரித்தால் மேல்தோல் மெல்லிசாக, மொறுமொறுவென்று வரும். மீன் வறுவலுக்கும் அப்படியே. கைப்பட நொறுக்குங்கள், மிக்ஸியில் அடித்தால் மாவாகிவிடும், கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால்தான் கட்லெட்டில் பிடிக்கும். கட்லெட் மசாலாவில் உப்பைக் குறைத்துப் போடுங்கள்.